சுண்ணாம்பு கேட்ட பேச்சு

சுவருக்கும் காது உண்டு என்று நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர்களுக்கு யாரும் ஒரு பொன்னாடைகூடப் போர்த்தவில்லை. அதையே ஓர் ஆய்வுக்கூடத்தில் கருவி வைத்து நிரூபித்தவர்களுக்கு மாலை மரியாதை எல்லாம் நடந்தது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அந்தக் கருவி வந்த பிறகுதான் செவலூர் நீதிமன்றத்தில் எனக்கு வேலை சூடுபிடித்தது.

என் பெயர் ஷமீமா. இலவச சட்ட உதவி வக்கீல். கட்சிக்காரர்களிடம் நான் எதுவும் வாங்கக் கூடாது. அதனால் முருங்கைக்காய், பனங்கிழங்கு, சில நேரம் உயிருள்ள கோழி என்று மேஜைமேல் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். சுப்புத்தாய் வைத்துவிட்டுப் போனது ஒரு தூக்குவாளி நிறையக் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. இந்தக் கை திருடியிருக்காது என்று நான் முடிவுகட்டியதற்கு அந்தக் குழம்பும் ஒரு காரணம். சட்டப்படி இது சாட்சியம் ஆகாது என்பது எனக்கும் தெரியும்.

சுப்புத்தாய் பருப்பு மில் முதலாளி சண்முகராஜன் வீட்டுச் சமையல்காரி. முதலாளியின் மனைவி விசாலாட்சியின் வைரத்தோடு மாசி முடிந்து பார்த்தால் பீரோவில் இல்லை. பீரோச் சாவி அடுப்படி ஆணியில் தொங்கும், அடுப்படியில் இருப்பவள் சுப்புத்தாய், ஆகவே எடுத்தவள் சுப்புத்தாய். வழக்கு அவ்வளவுதான். வீட்டுத் திருட்டுகளை எல்லாம் போலீஸ் கையிலிருந்து எடுத்து வாதி, பிரதிவாதி வழக்காக மாற்றிப் பல காலம் ஆகிவிட்டது. தோற்றால் பிரதிவாதி மூன்று வருடம் சீர்திருத்த விடுதியில் கிடக்க வேண்டும்.

எங்கள் பக்கம் இருந்த ஒரே சாட்சி அந்த அடுப்படிச் சுவர். வெயில் தாங்காமல், எல்லா வீட்டுக்கும் உள்ளும் புறமும் சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து ஊரே வெள்ளைவெளேர் என்று இருக்கிறது. சண்முகராஜன் வீட்டிலும் பொங்கலுக்கு முந்தின வாரம் வெள்ளையடித்திருந்தார்கள். நான் மனுப்போட்டு, அடுப்படிச் சுவரில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு துண்டைப் பெயர்த்து, சீல் வைத்த பெட்டியில் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் செய்துவிட்டேன்.

பாக்கி இருந்தது கேட்புக் கட்டணம். சுவரைக் கேட்கும் கருவி குடிக்கிற மின்சாரத்துக்கு, சுப்புத்தாய் ஆயுள் முழுக்கச் சமைத்தாலும் அதைக் கட்ட முடியாது. விசாரணை அன்று மாலை கோர்ட் கலைவதற்குள் கட்டணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்ய வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் பெட்டி சுவரின் சொந்தக்காரரிடமே திரும்பிப் போகும். அதை அவர் கிணற்றில் போட்டாலும் ஏனென்று கேட்க நாதி இல்லை.

செவலூரில் அதுவரை யாரும் சுவருக்காகத் தள்ளுபடி கேட்டதில்லை. நான்தான் முதல். காலையில் கறுப்புக் கோட்டை மாட்டும்போதே எனக்குக் கை கால் பரபரத்தது. பண்டிகைக்குப் புதுத்துணி போட்ட பிள்ளை மாதிரி கோர்ட் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன்.

கருவியை இயக்குகிற கிளாட்வின் அங்கேயே சுப்புத்தாய்க்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தான். படித்த பையன், யார் கிடைத்தாலும் விளக்காமல் விடமாட்டான்.

"அக்கா, சுண்ணாம்பு காயுறதுன்னா தண்ணி வத்துறது மட்டும் இல்ல. அது காத்தை உறிஞ்சி மறுபடியும் கல்லாகுது. அதுக்கு வாரக்கணக்குல ஆகும். அந்த நேரத்துல அந்த ரூம்ல என்ன சத்தம் கேட்டாலும் அந்த அதிர்வு கல்லுக்குள்ள படிஞ்சிரும். முழுசா இறுகிட்டா அப்புறம் அதுக்குக் காது கேக்காது."

"அப்ப பொங்கல்லருந்து?" என்றாள் சுப்புத்தாய்.

"பொங்கல்லருந்து மாசி வரைக்கும் உங்க அடுப்படி ஒட்டுக்கேட்டுருக்கு. உங்க பேச்சு, அந்தம்மா பேச்சு, போன் பேச்சு எல்லாம் அதுல இருக்கு."

அவள் முகம் செத்துப்போனது. நாற்பத்தைந்து வயதிருக்கும் அவளுக்கு. கல்லுரலை ஒற்றையாளாக நகர்த்துகிற உடம்பு. அந்த உடம்பு அப்படியே பெஞ்சில் குறுகியது. போன் பேச்சுமா என்று அவனிடம் கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியிருந்தால் இரண்டு பக்கமும் விழுந்திருக்கும் என்றான் அவன், மகிழ்ச்சியாக. அடுப்படியில் கை எப்போதும் ஈரம். ஸ்பீக்கரில் போடாமல் யார் பேசுவார்கள்?

"வக்கீலம்மா, அதைக் கேக்காமலே ஜெயிக்க முடியாதா?" என்றாள் அவள் என்னிடம்.

குழம்பு வைத்த கையைப் பற்றி நான் கட்டியிருந்த முடிவு ஒரு நொடி ஆட்டம் கண்டது. அதற்குள் எங்கள் வழக்கை அழைத்துவிட்டார்கள்.

நீதிபதி திரவியம் நிதானமானவர். மனுவைப் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். எதிர்த்தரப்பு வக்கீல் அம்பலவாணன் எழுந்து, தள்ளுபடி கூடவே கூடாது என்று ஆரம்பித்தார். பிரதிவாதி வறியவர் அல்ல. அவருக்குக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த ஒரு மகள் இருக்கிறாள், மருமகன் நல்ல வேலையில் இருக்கிறார், சம்பந்தி வீடு வசதியான வீடு. முதலில் அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, தாய்க்காகக் கட்ட முடியுமா என்று கேட்க வேண்டும் என்றார். மில்காரர் கட்டணத்தில் வளர்ந்த குரல் அவருடையது. கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் எழுந்து பறந்தன.

நான் விடவில்லை. கட்டிக்கொடுத்த மகளின் கைப்பையைத் திறந்து தாயின் வசதியை அளக்கச் சொல்கிற பிரிவு எந்தச் சட்டத்தில் இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். பிறகு தள்ளுபடி விதியை முழுதாகப் படித்தேன். அதைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் விசாலாட்சி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் அது விழ வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு.

விதி இதுதான். கட்டணம் கட்டினால் கருவி சலித்துக் கொடுக்கும். கட்டியவர் எதைத் தேடச் சொல்கிறாரோ அந்தப் பேச்சை மட்டும் பொறுக்கியெடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, நீதிபதி முன் ஒலிக்கும். மிச்சத்தை அழித்துவிடுவார்கள். தள்ளுபடி என்றால் சல்லடை கிடையாது. சுவர் கேட்டது அத்தனையும் முதலிலிருந்து கடைசிவரை திறந்த நீதிமன்றத்தில் ஒலிக்கும், ஊர்ச்செவி அலைவரிசையிலும் போகும். யாரும் கேட்கலாம். பொதுப் பணத்தில் கேட்பது பொதுச் சொத்தாம். ஏழை அடுப்படிக்கு என்ன ரகசியம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்த மகராசன் யாரோ எழுதியிருக்கிறார். அந்த ஏழை சமைப்பது பணக்காரர் வீட்டு அடுப்படியில் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

நான் படித்து முடிக்கும்போது விசாலாட்சியின் கை வாய்க்குப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்து என் கட்சிக்காரி கூண்டில் எழுந்து நின்றாள்.

"நோட்டீசு அனுப்ப வேண்டாங்கய்யா. சுவரையும் கேக்க வேண்டாம். நான்தான் எடுத்தேன்னு எழுதிக்கங்க."

கோர்ட்டே அதிர்ந்துபோனது. அம்பலவாணன் பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். எனக்குத் தலையில் இடி விழுந்ததுபோல் இருந்தது. நீதிபதி மட்டும் பேனாவைக் கீழே வைத்தார். பதற்றத்தில் சொன்னதை நான் எழுதிக்கொள்வதில்லை, மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வக்கீலோடு பேசிவிட்டு வந்து சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த மனுஷனுக்கு நூறு ஆயுசு.

வாகை மரத்தடிக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். கோபத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. எடுத்தாயா, இல்லையா, ஒரே வார்த்தையில் சொல் என்றேன். குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தாள், எடுக்கவில்லை. பிறகு ஏன் இந்தப் பைத்தியக்காரத்தனம் என்று கேட்டதற்குத்தான் கதை வெளியே வந்தது.

மகள் மலர்க்கொடியைக் கோயம்புத்தூரில் பெண் கேட்டு வந்தபோது, அம்மா என்ன வேலை செய்கிறார் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். மில்லில் வேலை என்றாள் சுப்புத்தாய். மில் ஆபீசா என்றார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டாள். ஒரு தலையாட்டல்தான். அதற்குப் பிறகு அதைத் தூக்கிச் சுமப்பதே அவளுக்கு வேலையாகிவிட்டது. மகளிடமும் அப்படியே சொல்லிவைத்தாள், சமையலை விட்டாச்சு, இப்போது ஆபீசில் போட்டுவிட்டார்கள் என்று. தினமும் சமையல் நேரத்தில் மகள் கூப்பிடுவாள். இவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, ஆபீசில் பில் போடுகிறேன், கம்ப்யூட்டர் பார்க்கிறேன் என்று அளந்துவிடுவாள்.

"அதெல்லாம் சுவத்துல இருக்குமே வக்கீலம்மா. ஊர்ச்செவியில போனா கோயம்புத்தூர்லயும் கேப்பாகள்ல? சம்பந்தியம்மா எம் மகள என்னான்னு நெனப்பாக? பொய்யச் சொல்லித் தள்ளிவிட்டுட்டாகன்னு சொல்ல மாட்டாகளா? நான் மூணு வருசம் போயிட்டு வந்துர்றேன். எனக்கென்ன, அங்கயும் சமையக்கட்டு இருக்கும்."

எனக்கு அழுகையும் வந்தது, அவளை நாலு சாத்துச் சாத்தலாமா என்றும் வந்தது. இரண்டில் எதைச் செய்வது என்று தெரியாமல் நின்றபோது அம்பலவாணன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு எங்களை நோக்கி வேகமாக வந்தார். காலையில் புறாவை விரட்டிய குரல் இப்போது பாகாக உருகியிருந்தது.

"ஷமீமா, எங்க ஆளுக ஒரு யோசனை சொல்றாங்க. பாவம், ஏழைப் பொம்பள. தள்ளுபடியெல்லாம் எதுக்கு? கேட்புக் கட்டணத்தை நாங்களே கட்டிர்றோம். மூடின அறையில அமைதியாக் கேட்டு முடிச்சிருவோம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிரதிவாதிக்குக் கட்டணத் தள்ளுபடி கொடுக்காதே என்று காலையில் கத்தியவர், மதியம் பிரதிவாதியின் கட்டணத்தைத் தாமே கட்டத் துடிக்கிறார். இப்படி ஒரு காட்சியை எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. விஷயம் அவருக்குப் பின்னால் தெரிந்தது. விசாலாட்சி காருக்குப் பக்கத்தில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்தார். அடுப்படியில் நின்றுகொண்டு அந்த அம்மாள் எத்தனை வீட்டுக் கதையைப் போனில் பேசியிருப்பார். அதுவும் வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் நேரத்தில்.

அம்பலவாணனைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு சுப்புத்தாயிடம் விளக்கினேன். அவர்கள் கட்டினால் உங்கள் பொய் வெளியே வராது. உங்கள் மகளுக்கும் சம்பந்திக்கும் எதுவும் தெரியாது.

"அப்ப கட்டட்டுமே," என்றாள். கண்ணில் உயிர் வந்தது.

"முழுசாக் கேளுக்கா. கட்டுறவங்க கையிலதான் சல்லடை. திருட்டைப் பத்தி எதைத் தேடணும்னு அவங்கதான் சொல்வாங்க. சாவி குலுங்குன சத்தம், நீங்க உங்க மகள்கிட்ட காசு இல்லைன்னு பொலம்பினது, இதை மட்டும் பொறுக்கி எடுக்கச் சொன்னா அது மட்டும்தான் வரும். மிச்சத்தை அழிச்சிருவாங்க. உங்களைக் காப்பாத்துற பேச்சு அந்த மிச்சத்துல இருந்தா, அதுவும் போயிரும்."

அவள் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அதற்கு மேல் பேசவில்லை. வாழ்க்கை அவளுடையது, நான் யார் முடிவு சொல்ல. உள்ளே மட்டும், சரி என்று சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்று அடித்துக்கொண்டது. பெஞ்ச் கிளார்க் வந்து கோர்ட் கூடுகிறது என்று கூப்பிட்டார். சுப்புத்தாய் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"சமையக்காரி மகள்னு பேரு வந்தா, அது நாளாவட்டத்துல தேஞ்சுரும். திருடி மகள்ங்கிற பேரு தேயாது. சல்லடை வேண்டாம் வக்கீலம்மா. ஊரே கேக்கட்டும்."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். கோட்டுப் போட்டுக்கொண்டு அப்படிச் செய்யக் கூடாது என்பார்கள்.

உள்ளே, காலையில் சொன்னது பயத்தில் சொன்னது, நான் எடுக்கவில்லை என்று அவள் தெளிவாகச் சொன்னாள். நீதிபதி அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டார். உங்கள் கைவசம் என்னம்மா இருக்கிறது?

"கைதாங்கய்யா இருக்கு," என்றாள்.

தள்ளுபடி அனுமதிக்கப்பட்டது. எதிர்த்தரப்பு கட்டணம் செலுத்த முன்வந்திருப்பதை அம்பலவாணன் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். பிரதிவாதி மறுக்கும்போது அவர் சுமையை வாதி தூக்க வேண்டியதில்லை என்று நீதிபதி முடித்துவிட்டார். கிளாட்வின் பெட்டியின் சீலை உடைத்தான். செவலூரின் முதல் சுவர் அவனுக்கும் முதல் சுவர்தான்.

கருவி சுண்ணாம்புத் துண்டைப் பருக்கை பருக்கையாகத் தடவிக்கொண்டு போனது, சத்தம் இல்லாத நேரத்தை அதுவே தாண்டிக்கொண்டது. முதலில் ஒரே இரைச்சல். பிறகு செப்புக்குடத்துக்குள் பேசுவது மாதிரி ஒரு குரல் வந்தது. வெள்ளையடிக்க வந்த ஆளிடம் விசாலாட்சி, அடுப்படி முடிந்ததா, அப்படியானால் சாமி அறைக்கும் படுக்கை அறைக்கும் போ என்கிறார். கூண்டருகில் நின்றிருந்த டவாலி கைதட்டிவிட்டுப் பிறகு தானே வெட்கப்பட்டார்.

சிறிது நேரத்தில் வராந்தாவில் கூட்டம் தாங்கவில்லை. ஊர்ச்செவியில் கேட்டுவிட்டு டீக்கடையிலிருந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். விசாலாட்சியின் குரல் ஊரை ஒரு சுற்றுச் சுற்றியது. தலைமையாசிரியர் வீட்டம்மாவின் பட்டுப்புடவை தவணையில் வாங்கியதாம். சம்பந்தியாகப் போகிறவர்கள் காப்பியில் தண்ணீர் ஊற்றுகிற ஜாதியாம், பார்த்தாலே தெரிகிறதாம். ஜட்ஜு அய்யா தலைமுடி அவருடையது இல்லையாம், காற்றடித்த அன்று அந்த அம்மாளே பார்த்தாராம். கோர்ட் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. நீதிபதி திரவியம் ஒரு கையைத் தலைக்குக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, குறிப்பெடுக்கத் தொடங்கினார். விசாலாட்சி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த அம்மாள்மேல் பாவமாக இருந்தது. யார் வீட்டு அடுப்படிச் சுவர் தாங்கும்?

பிறகு சுவரில் போன் மணி ஒலித்தது. மலர்க்கொடியின் குரல், அதற்குப் பதிலாக சுப்புத்தாயின் குரல். ஆபீசில்தான் தாயி இருக்கிறேன், பில் எல்லாம் குவிந்து கிடக்கிறது என்கிறாள். அவள் சொல்லி முடிக்கவும் பின்னால் குக்கர் விசில் அடித்தது. வராந்தாவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுப்புத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். நான் நகர்ந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன். அதற்கு மேல் செய்ய எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அடுத்து ஒரு காலடிச் சத்தம். பானை மூடியைத் திறக்கிற சத்தம். விசாலாட்சியின் குரல், இந்த முறை மெதுவாக, சாமியிடம் பேசுகிற குரலில் வந்தது. ஊரில் எல்லாப் பெண்களும் இதைச் செய்வார்கள்: நகையை ஒளித்து வைத்தால் தெய்வத்திடம் இடத்தைச் சொல்லிக் காவல் கேட்பார்கள்.

"மாரியாத்தா, பீரோவுல வச்சேன், மனசு கேக்கல. அரிசிப் பானையில வச்சேன், அங்கயும் கேக்கல. வெள்ளையடிக்கிறவன் வீடு பூராத் திரியுறான். அடுப்படி முடிஞ்சிருச்சு, இனி இங்க வரமாட்டான். பழம்புளிப் பானைக்கு அடியில முடிச்சுப் போட்டு வச்சிருக்கேன். நீதான் தாயே பாத்துக்கிறணும்."

ஒரு நொடி யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. பிறகு விசாலாட்சி கண்ணைத் திறந்து, காதைத் தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்தார். கடைசியாக வைத்த இடம் அவருக்கு அடியோடு மறந்துபோயிருக்கிறது. பீரோவில் வைத்தது மட்டும்தான் நினைவில் நின்றது, அதன்மேல்தான் அத்தனை சத்தியமும் செய்திருக்கிறார். திருடியும் இல்லை, திருட்டும் இல்லை.

"அந்தப் பானை எங்க?" என்றார் நீதிபதி.

சுப்புத்தாய்தான் சொன்னாள். மாசியில் புதுப்புளி வந்ததும், பழம்புளியைப் பானையோடு கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு துள்ளுகிறது. கோர்ட்டே எழுந்து ஓடியது. மில்காரர் ஓடினார், அம்பலவாணன் ஓடினார், பெஞ்ச் கிளார்க் ஓடினார், வேறு வழக்குக்கு வந்து காத்திருந்தவர்கள் ஓடினார்கள். எத்தனை வெள்ளிக்கிழமைச் சாம்பாருக்குப் புளி எடுத்தார்களோ, பானையில் மிச்சம் இருக்கிறதோ இல்லையோ என்று விசாலாட்சி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். நானும் வாசல்வரை ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். சுப்புத்தாய் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

போகும் முன் அம்பலவாணன், விஷயம்தான் தெரிந்துவிட்டதே, கருவியை நிறுத்தலாமே என்று கேட்டிருந்தார். தள்ளுபடிக் கேட்பில் சல்லடை கிடையாது, யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடைசிவரை ஓடித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு நீதிபதி அறைக்குள் போய்விட்டார். தலைமுடியைப் பற்றி அவருக்குத் தனியாக யோசிக்க வேண்டியிருந்திருக்கும்.

ஆகவே காலிக் கோர்ட்டில் சுவர் பேசிக்கொண்டே இருந்தது. கேட்க நானும் சுப்புத்தாயும் கிளாட்வினும் மட்டும். கடுகு வெடித்தது, அம்மி உருண்டது, பால் பொங்கி யாரோ ஓடினார்கள். அவள் எந்தச் சத்தம் எந்தக் குழம்பு என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். கோயிலில் தோடு கிடைத்துவிட்டது, புளியைக் கழுவக் கழுவப் போகவில்லையாம் என்று கிளாட்வினுக்குச் செய்தி வந்தது. திங்கட்கிழமையிலிருந்து சுப்புத்தாயை வேலைக்கு வரச் சொல்லி விசாலாட்சி சொல்லி அனுப்பினாராம். முதலில் வந்து மன்னிப்புக் கேட்கச் சொல் என்று நான் கத்தினேன். சுப்புத்தாய் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் அவள் மனசு பாதிதான் இருந்தது. மீதி கோயம்புத்தூரைப் பற்றிய கவலையில் இருந்தது.

அப்போது சுவரில் மறுபடியும் மலர்க்கொடி கூப்பிட்டாள். மறுபடியும் ஆபீஸ், மறுபடியும் பில். அதற்குள் சுப்புத்தாயின் குரல், மேனேஜர் கூப்பிடுறாரு, இரு தாயி வாரேன் என்றது. காலடி விலகிப் போனது.

"புழக்கடையில அப்பளம் காயப்போட்டிருந்தேன். மழை வந்துருச்சு. அள்ள ஓடினேன்," என்றாள் அவள் என்னிடம் கூச்சத்தோடு.

போன் அடுப்பு மேடையிலேயே இருந்திருக்கிறது, ஸ்பீக்கரில். சுவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஆளில்லாத அடுப்படியில் இன்னொரு பெண்குரல் வந்தது, வயதான குரல்.

"அம்மாவாடி?"

"ஆமாங்கத்தே," என்றது மலர்க்கொடியின் குரல். "ரசம் கொதிக்குது போல. பெருங்காயம் போடுற நேரம், அதான் ஓடியிருக்கும். ஆபீஸ்னுதான் சொல்லும். நீங்க எப்பவும் போல ஆபீஸ் எப்படி இருக்குன்னே கேளுங்கத்தே. இல்லாட்டி அது மனசு தாங்காது."

"எனக்குச் சொல்லித் தரியா? நீ வந்த மொத நாளே விசில் சத்தம் கேட்டு நானும் உன் மாமனாரும் சிரிச்சோமல்லோ. நீ போனை வைக்காதே, அவங்க வரட்டும். நீ ஊர்ல இருந்து கொண்டுவந்த அந்தப் புளிக்கொழம்புக்கு என்ன பொடி போடறாங்கன்னு எப்படிக் கேக்கறதுன்னுதான் நானும் யோசிக்கறேன்."

கிளாட்வின் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தான். சுப்புத்தாய் எழுந்து போய் அந்தச் சுண்ணாம்புத் துண்டுக்குப் பக்கத்தில் நின்றாள். சல்லடை போட்டிருந்தால் முதலில் கொட்டிப்போயிருக்கும் பேச்சு அது. வழக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் வாய்விட்டு அழுதேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. இது சுவரில் இல்லை, நிஜத்தில். வழக்கமாக மகள் கூப்பிடுகிற நேரமும் இல்லை. கை ஈரமாக இல்லாவிட்டாலும் பழக்கதோஷத்தில் ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கமும் ஊர்ச்செவியில் இதே சுவர்தான் பேசிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஆபீஸ்லயா இருக்க?" என்றாள் மலர்க்கொடி.

சுப்புத்தாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இல்ல தாயி. இன்னிக்கு நான் சமைக்கல. உங்க அத்தைகிட்டக் குடு, பொடிக்கு என்னென்ன வறுக்கணும்னு சொல்றேன்."